ஒரு விரல் தண்ணீர்

"அந்தக் கேனைத் தொட்டியா இல்லியா, அதை மட்டும் சொல்லு கொன்சி, வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்." வேறு ஒன்றும் வேண்டாமாம். என் பாத்ரூம் வேண்டும், நான் துருவ எடுத்துவைக்கிற தேங்காயில் ஒரு துண்டு வேண்டும், என் புருஷன் உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரை நெடுகப் படகு தேடி அலைய வேண்டும், மற்றபடி வேறு ஒன்றும் வேண்டாம். தொடவில்லை என்று சொன்னேன். அவள் மறுபடியும் அதையே கேட்டாள், குரலை உயர்த்தாமல், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், மன்றாட்டுமாலை சொல்கிற மாதிரி. நானும் மாற்றாமல் சொன்னேன், தொடல மதினி, கேன் எது வாளி எதுன்னு பாத்துக்கிட்டு நிக்கதுக்கு எனக்கு நேரம் இல்ல. கான்வென்டில் படித்தவளுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இருக்குமா. கண்ணைத் தாழ்த்தக் கூடாது, கண்ணுக்கு நேராகவும் பார்க்கக் கூடாது, அவர்கள் மூக்கு நுனியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மை ஜாடியை உடைத்த அன்று நானாகக் கண்டுபிடித்தது அது. ஆனால் இவளும் கன்னியாஸ்திரீயாக இருந்தவள்தானே. என் புருஷன் லாம்பர்ட்டின் அக்காள், சிஸ்டர் எமரன்சியா, பாதி ஆயுசுக்கு மேல் சபையில் இருந்துவிட்டு ஒரு நாள் சூட்கேசோடு எங்கள் வாசலில் வந்து இறங்கியவள். எத்தனை பிள்ளைகள் இவள் மூக்கு நுனியைப் பார்த்திருப்பார்கள், இவளுக்குத் தெரியாதா. தெரிந்தால் தெரியட்டும். ஊற்றியது யார், நானா? கேனைத் தூக்கிப் பெரிய தொட்டியில் சரித்தது அவள் கை, என் கை அப்போது ஈஸ்டருக்கு மிஞ்சிய கறியைச் சட்டியில் கிளறிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் என்று நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அத்தனை நண்டுக் குஞ்சும் வெளுத்துப்போய், ரவையைக் கொட்டின மாதிரி அடியில் படிந்துவிட்டன. ஒரு சத்தம் கிடையாது. அவளும் சத்தம் போடவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து கேட்டாள், பதிலை வாங்கிக்கொண்டாள், தன் அறைக்குப் போனாள், தாழ்ப்பாள் விழுந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

சரி, முடிந்தது. நண்டும் முடிந்தது, நண்டுக் குஞ்சும் முடிந்தது, என் பாத்ரூம் எனக்கு. பினாயில் போத்தலும் விளக்குமாறுமாக வந்து நிற்கிறேன். இந்த டைல்ஸை நான் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தேன், இளம் ஊதா, ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. முட்டுவலிக்காரி உட்கார்ந்து எழும்பத்தான் இதில் வெஸ்டர்ன் வைத்தது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தது. இப்போது அந்தக் கம்பியில் மூன்று ரப்பர்க் குழாய் தொங்குகிறது, மூடிய சீட்டின் மேல் பெரிய தொட்டி உட்கார்ந்திருக்கிறது, நான் பின்கட்டில் கீழே குந்துகிற கக்கூசுக்குப் போய் எழும்ப முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஏசுவே ஏசுவே என்கிறேன். குளிக்கிற இடத்தில் கண்ணாடிப் பெட்டி. லாம்பர்ட் கேரம் விளையாடி வாங்கிய கப்புகளை வைத்திருந்த பெட்டி, கப்பெல்லாம் இப்போது பரணில். உள்ளே முழங்கை ஆழத்துக்கு ஈர மணல், அதன்மேல் தென்னை நார், அதற்கும் மேலே சங்கைச் சுமந்துகொண்டு இவை. துறவி நண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், காட்டினாள். நல்ல துறவிதான். அடுத்தவன் கட்டிய வீட்டில் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டு, வாசலில் கொடுக்கை வைத்து அடைத்துக்கொண்டு, வேளாவேளைக்கு அவித்த முட்டை, கருவாட்டுத் தூள், முருங்கை இலை. வீட்டுக்கு வந்தவர்கள் கை கழுவப் போய்விட்டு முகம் மாறி வெளியே வருவார்கள், நான் சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பேன். ஈர நாரும் உப்பும் பழைய முட்டையும் கலந்த அந்த வாடை என் துவாலையில் ஏறி, என் தலைமுடியில் ஏறி, போன வாரம் கோவிலில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

சபையை விட்டு ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கக் கூடாது, லாம்பர்ட்டின் உத்தரவு. நான் கேட்டேன். தூக்கம் வரவில்லை என்றாள். தூக்கம் வராததற்கு மாத்திரை இருக்கிறது, அதற்காக யாராவது கடவுளுக்குக் கொடுத்த வார்த்தைப்பாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்களா. சூட்கேசுக்குள் நாலு சேலை, ஒரு ஜெபப்புத்தகம், மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பிஸ்கட் டின். ஏதோ தின்கிறதற்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நான் டின்னைத் திறந்தேன். கடைசியாக இருந்த தீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொடுத்ததாம், இரண்டு. இரண்டு என்றால் இரண்டாகவா இருந்தது. முதல் வருஷமே ஒன்று மணலுக்குள் போய்விட்டது, வாரக்கணக்கில் வெளியே வரவில்லை, செத்து நாறுவதற்குள் எடுத்துப் போடலாமே என்று கரண்டியால் தோண்டினேன். சட்டை உரித்துவிட்டுப் படுத்திருந்ததாம், வெளுத்துப்போய், அரைத்த மாவு மாதிரி மெதுமெதுவென்று, உரித்த தோலைப் பக்கத்திலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு. கரண்டி பட்டது, அத்தோடு சரி. நான் நல்லதுக்குத்தானே செய்தேன். அப்போதும் அவள் கத்தவில்லை. அதை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் எடுத்து மாதுளைச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து, என்னிடம், கொன்சி, உனக்குக் கை சும்மா இருக்காதோ என்று கேட்டாள். சும்மா இருந்தால் இந்த வீட்டில் யார் சோறு பொங்குவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பதில்கள் எல்லாம் இரண்டு நாள் கழித்துத்தான் வருகின்றன, குழம்பு கொதிக்கும்போது.

பிறகு லாம்பர்ட் வேறு எங்கிருந்தோ ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து கொடுத்தான், அக்காளுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கிளி வாங்கிக் கொடுத்ததில்லை. வளர்ப்பதோடு நிற்கவில்லை இவள், குஞ்சு பொரிக்க வைக்க வேண்டுமாம். வீட்டுக்குள்ளே பிறந்து வளர்ந்து ஒன்றாவது தரைக்கு ஏறிவிட்டால் போதுமாம், இதுவரை ஏறினதில்லையாம். பெட்டை சங்குக்குள்ளேயே முட்டையை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு திரியும், செங்கல் நிறத்தில் கொத்துக் கொத்தாக, அது நாளாக ஆகச் சாம்பல் நிறமாகும், ஒரு சாயங்காலம் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கி உதறும். உதறினால் தண்ணீர் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தூசி. தூசிக்கு டார்ச் அடித்தால் வெளிச்சத்துக்கு ஓடிவரும். தூசிக்குச் சோறு, இறால் பண்ணைக்குப் போகிற டப்பாவிலிருந்து முட்டையைக் கொட்டி, அதைப் பொரிக்க வைத்து, அந்தக் குட்டி இறாலை இந்தத் தூசி தின்னும். தின்ன ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று தின்னும். நாளெல்லாம் சொட்டுமருந்துக் குழாயை வைத்துக்கொண்டு கீழே கிடக்கிற கசடை உறிஞ்சுவாள், உறிஞ்சின அளவுக்குப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றுவாள், துறைமுகத்துத் தண்ணீர் ஆகாது, எண்ணெய், ஆழத்துக்கு மீன் பிடிக்கப் போகிற கஸ்பார் கேனில் மொண்டுவர வேண்டும். போன வருஷம் இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் செத்தது, ஒரு தடவை சூட்டில், ஒரு தடவை எதனால் என்று தெரியாமல். இந்தத் தவக்காலத்தில் மூன்றாவது. நான் அப்போதுதான் லாம்பர்ட்டை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பேசினேன், எனக்கு வயசாகிறது, என் முட்டு போகிறது, பாத்ரூம் வேண்டும். அவன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். இந்தத் தடவையும் ஒண்ணுகூட ஏறலன்னா எல்லாத்தையும் கடல்ல கொண்டு விட்டுட்டு நான் மதுரைக்குப் போறேன் கொன்சி, அங்க ஹோம்ல இடம் கேட்டு வச்சிருக்கேன். கோபமாகச் சொல்லவில்லை, மீன் வாங்கணுமா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். லாம்பர்ட் என்னைப் பார்த்தான், நான் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தேன். ஆகவே எனக்கு இப்போது சந்தோஷமாக இருக்க வேண்டும்.

பினாயில் மூடி இறுகிக் கிடக்கிறது. சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இன்றைக்குப் பராமரிப்பு வேலை, சாயங்காலம் வரை கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தான், காலையிலேயே படித்தேன், யாரிடமும் சொல்லவில்லை, எனக்கென்ன. இன்வெர்ட்டர் செத்து ஒரு வருஷம். கரண்ட் போனபிறகுதான் தெரிகிறது இங்கே ஒரு சத்தம் இருந்தது என்று. கொப்புளம் கொப்புளமாக ஒரு சத்தம், தவக்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து அதைத் திட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். நின்றுவிட்டது. பெரிய தொட்டியில்தான் ஒன்றும் இல்லையே, அதற்கு எதற்குக் காற்று என்று பார்த்தால் ஒரு குழாய் வாஷ்பேசினுக்குப் போகிறது. வாஷ்பேசினுக்குள் என் புட்டிங் பவுல். என் கல்யாணத்துக்கு ஹாலில் வைத்து என் கிளாஸ்மேட்டுகள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த ஆறில் ஒன்று. அதற்குள் அடியில் ஒரு விரல் தண்ணீர், கொஞ்சம் மணல், குருணை அரிசி மாதிரி பொடிச் சங்குகள், நடுவில் ஒரு கல் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு. அப்புறம் அசைகிற சீரகம். சீரகம் அளவில் ஐந்தாறு, இறால் மாதிரி நீண்டு, ஆனால் முன்னால் கொடுக்கு. கால் முளைத்தவை. பெரிய தொட்டியிலிருந்து இவற்றை முந்தாநாள் தனியாகப் பிரித்து வைத்தேன் என்று அவள் சொன்னபோது நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் முதலில் இதில்தான் பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்திருக்கிறாள், ஒரு விரல் மட்டும் விட்டுவிட்டு. பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டு இங்கே ஊற்றுவதற்குள் அங்கே வெளுத்துவிட்டது. ஊற்றவில்லை. ஊற்ற ஒன்றும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, கஸ்பாரின் படகு கரையில் கிடக்கிறது, அதனால்தான் லாம்பர்ட் வாளியோடு அலைகிறான், இந்த வெயிலுக்கு இந்த ஒரு விரல் அவன் வருகிறவரை தாங்குமா. தாங்காது. நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும்.

பவுலுக்குள் போகிற இன்னொரு குழாயின் முனை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் லாம்பர்ட்டின் பிரஷர் பார்க்கிற கருவியின் ரப்பர் உருண்டை. இதைத்தான் நான் கிறிஸ்துமஸிலிருந்து தேடுகிறேன். வேலைக்காரியைச் சந்தேகப்பட்டேன், கேட்டும்விட்டேன், அவள் இரண்டு நாள் வரவில்லை. கரண்ட் போனால் அமுக்குவதற்காம், திருடி, கன்னியாஸ்திரீத் திருடி. பிடுங்கி எடுக்கத்தான் கையை நீட்டினேன். பிடித்தால் அமுக்கத்தான் தோன்றுகிறது, யாருக்கும் தோன்றும். பவுலுக்குள் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. சீரகம் ஒன்று நகர்ந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன், செத்ததா இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. விளக்குமாறு கீழே விழுந்துவிட்டது, குனிய முட்டு விடாது. குளிக்கிற ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாக அமுக்க வேண்டும், வேகமாக அமுக்கினால் அலையில் புரண்டு கல்லில் மோதுகின்றன, இது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லாம்பர்ட் வந்ததும் இதைக் கையும் களவுமாகக் காட்ட வேண்டும், உங்க அக்கா எடுத்த லட்சணத்தப் பாருங்க. அதுவரைக்கும்தான் அமுக்குவேன். வேறு எதற்கும் இல்லை.

கேன் என்றால் என்ன கேன், எல்லாம் ரீபைண்ட் ஆயில் வந்த வெள்ளைக் கேன், நான்தான் சீயக்காய் போட்டுக் கழுவிக் காயவைத்தது, என் கேன். சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்குத் தீர்த்தம் வாங்க ஒன்றில் தண்ணீர் பிடித்துப் பின்வராந்தாவில் வைத்தேன். பக்கத்தில் இன்னொன்று நின்றால் நான் என்ன செய்ய. ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், லாம்பர்ட் சாவியைத் தேடுகிறான், கையில் அகப்பட்டதைத் தூக்கினேன். கோவிலில் எல்லார் கேனும் வரிசையாக மூடி திறந்து நின்றது, சாமி மந்திரித்துக்கொண்டே போனார், என் கேனுக்கு மேலும் கையை நீட்டினார். பூசை முடிந்து வாசலிலேயே வர முடியாதவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன், வருஷாவருஷம் நான்தானே கொடுப்பது. எதிர்வீட்டு மர்சலின் அக்காள் ஒரு உள்ளங்கை வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். இந்தச் சாமி பழைய முறைப்படி உப்பு மந்திரிச்சுப் போடுதாரு போல, நல்லாத்தான் இருக்கு, பேய் அண்டாது என்றாள். அவள் கொழுந்தன் கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டாரு என்றான். எல்லாரும் சிரித்தோம். தெரு முழுக்க வீட்டு மூலைக்கெல்லாம் தெளித்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உப்பு இல்லாத தீர்த்தம் என்றால்தான் சந்தேகப்படுவார்கள் நம் ஆட்கள். வீட்டுக்கு வந்து நான் ஒரு வாய் குடித்தேன். நான் இந்த ஊரில் பிறந்தவள். சாமி போட்ட உப்பு எது, ஆழத்துத் தண்ணீர் எது என்று என் நாக்குக்குத் தெரியும். கேனைத் தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலி.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நடுராத்திரி, ஈஸ்டர், புதுச் சேலை, எழுப்பி என்னவென்று சொல்வது, மதினி உங்க நண்டுத் தண்ணியத் தெருவெல்லாம் குடிச்சாச்சு என்றா. காலையில் சொல்லலாம் என்றிருந்தேன். காலையில் விருந்தாட்கள். அவள் கறி வாயில் வைக்காமல் அப்பத்தைப் பாலில் நனைத்துத் தின்றாள், என்னைப் பார்த்து, இந்த வருஷம் பூசை நல்லா இருந்துச்சா கொன்சி என்று கேட்டாள், அவள் வரவில்லை, கோவிலுக்கு வருவதே இல்லை, வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். எனக்கு எரிச்சல் வந்தது. எப்போதும் நான்தான் இவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, ஏன் வந்தாள், எதற்கு வந்தாள், யாரோடாவது ஏதாவதா என்று. மிச்சம் இருந்ததைத் தென்னைக்கு ஊற்றினேன், தீர்த்தத்தைச் சாக்கடையில் விடக் கூடாதே. அப்புறம் நினைத்தேன், ஊற்றுமுன் நாக்கில் தொட்டுப் பார்க்கமாட்டாளா, கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு உப்பு அளக்கிறவள்தானே, சின்னப்பிள்ளையா. பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அளந்துவைத்த தண்ணீர் என்று நம்பிவிட்டாள். நம்பினது என் குற்றமா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷி அப்படி ஒன்றை ஒன்றும் சந்தேகப்படாமல் எடுத்து ஊற்றுவாளா. அமுக்கு, அமுக்கு. பெருவிரல் மரத்துப்போகிறது, இடது கைக்கு மாற்றினால் கொப்புளம் சரியாக வரவில்லை.

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் இருந்தால் மின்விசிறியாவது கிறீச்சிடும். கட்டிலில் உட்கார்ந்தால் பலகை சத்தம் போடும், அந்தக் கட்டிலை எனக்குத் தெரியும், என் மாமியார் செத்த கட்டில். உட்காரவே இல்லையா. நிற்கிறாளா இன்னும், கதவுக்கு அந்தப் பக்கம். சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறாள், காலையில் ஒரு ரஸ்க். சூட்கேஸ் அடுக்குகிறாளோ, அடுக்கினால் அலமாரிக் கதவு கேட்கும், அடுக்க என்ன இருக்கிறது அவளுக்கு, நாலு சேலை. சபையில் ஒரு சிஸ்டர் மெத்தையில் படுத்தபடியே போய்விட்டாள், மூன்று நாளாக ஒருவரோடும் பேசாமல் இருந்தவள், கதவை உடைத்தார்கள் என்று இவள்தான் ஒரு தடவை சொன்னாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. எதற்கு என்னிடம் சொன்னாள். என்னிடம் எதற்கு அதையெல்லாம் சொல்வது, நான் என்ன பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியா. மதுரைக்குப் போனால் அங்கேயும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வாள், அங்கே யார் இருக்கிறார்கள் கதவுக்கு வெளியே நின்று எரிச்சல்பட. நல்லது, போகட்டும், எனக்கு வெஸ்டர்ன் கிடைக்கும். இந்த வீட்டில் நாளெல்லாம் லாம்பர்ட் இல்லாத நேரத்தில் நான் யாரைத் திட்டுவேன் என்று ஒரு நினைப்பு வருகிறது பார், சனியன். அமுக்கு.

கொப்புளம் வருகிறது, தண்ணீர் இல்லையே. காற்று எவ்வளவு விட்டால் என்ன, ஒரு விரல் இப்போது முக்கால் விரல், ஓரத்தில் வெள்ளையாக உப்புக் கோடு கட்டிவிட்டது, ஒன்று புரண்டு படுத்துவிட்டது. என்னிடம் தண்ணீர் இருக்கிறது. இப்போதுதான் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை. கேனில் மிஞ்சினதைத் தென்னைக்கு ஊற்றும் முன்பு ஒரு போத்தலுக்கு எடுத்துவைத்தேன், வருஷம் முழுக்க வீட்டுக்கு வேண்டுமே, வேளாங்கண்ணியில் வாங்கின மாதா போத்தல், பிளாஸ்டிக் மாதா, தலையில் நீலக் கிரீடம்தான் மூடி. ஜெப அறைத் தட்டில் நிற்கிறாள், வயிறு நிறையக் கடல் தண்ணீர். அதை எடுத்து இதில் ஊற்றினால் இவை பிழைக்கும். பிழைத்தால், எங்கிருந்து வந்தது தண்ணீர் என்று அவள் கேட்பாள், அதை மட்டும் சொல்லு கொன்சி என்பாள். தொடவில்லை என்றவள் வீட்டில் ஆழத்துத் தண்ணீர் எப்படி வந்தது. ஊற்றாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, கஸ்பார் கேனை மாற்றிவிட்டான் என்றுகூட லாம்பர்ட் சொல்ல ஆரம்பித்துவிட்டான், போகிறபோக்கில் நானும் ஆமா என்றேன். சாயங்காலம் எல்லாம் காய்ந்திருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவிவிடலாம். தீர்த்தத்தை நண்டுக்கு ஊற்றுவது பாவமா, கன்னியாஸ்திரீகளைக் கேட்டால் அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்கள். மந்திரித்த தண்ணீரில் நண்டு சாகுமா. உப்பு உப்புதானே, சாமி அதை என்ன செய்துவிட முடியும். இந்தப் பெரிய தொட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அடியில் படிந்திருக்கிற அந்த வெள்ளையை. நான் ரவை கிண்டுகிறபோதெல்லாம் இனி இது வரும்.

வேகமாக நாலைந்து அமுக்கிவிட்டு எழும்பினேன். முட்டு மடங்கியபடியே ஓடினேன், ஓட்டமா அது, சுவரைத் தடவிக்கொண்டு ஒரு இழுப்பு. அவள் அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டும்போது செருப்பைத் தரையில் தேய்த்தேன், வேண்டுமென்றுதான், கேட்கட்டும். ஒன்றும் இல்லை. மாதாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கிரீடத்தைத் திருகினேன், நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், ஆழத்துத் தண்ணீர், சனிக்கிழமை மாதிரியே. ஒரேயடியாக ஊற்றக் கூடாது என்பதும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பவுலின் ஓரத்தில் சாய்த்துச் சுவரோடு வழியவிட்டேன், கொஞ்சம், பிறகு அமுக்கினேன், பிறகு கொஞ்சம். தண்ணீர் கல்லின் கழுத்துவரை ஏறியது. புரண்டு கிடந்தது புரண்டே கிடந்தது. மற்றவை பேசாமல் இருந்தன. செத்துத் தொலையுங்கள் என்றேன், வாய்விட்டே சொன்னேன், இவ்வளவும் செய்தபிறகு செத்துத் தொலையுங்கள். மாதா காலி வயிற்றோடு வாஷ்பேசின் ஓரத்தில் கிரீடம் இல்லாமல் நிற்கிறாள். இனி அதை மறைக்கவும் முடியாது, எனக்கு இரண்டு கைதான், ஒரு கையில் உருண்டை.

அப்போது ஒன்று, கல்லுக்கு அடியில் இருந்த ஒன்று, ஒரு சங்கைப் பிடித்தது. சங்கா அது, கடுகு. கொடுக்கை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறது, நான் கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டின் அடுப்படியை வந்து பார்த்த மாதிரி. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது, அதையும் உருட்டுகிறது, வாயைத் தன் பக்கம் திருப்புகிறது, சரியில்லை, திரும்ப முதலாவதற்கே வருகிறது. சீக்கிரம் தீர்மானி முண்டமே, பக்கத்தில் ஒன்று உன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறது, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. ஒரு நொடிதான், வாலை மடக்கி உள்ளே எறிந்துவிட்டது. சங்கு எழுந்து நின்றது. நின்று, ஆடி, விழுந்து, மறுபடியும் நின்று, கல்லைப் பிடித்து ஏறத் தொடங்கிவிட்டது, தண்ணீருக்கு வெளியே தெரிகிற பக்கமாக. நான் உருண்டையை விட்டுவிட்டேன் போல, கொப்புளம் நின்றது, கீழே இருக்கிறவை எல்லாம் அப்படியே சாய்ந்தன. பிடித்து அமுக்கினேன். கல்லின் இந்தப் பக்கம் வழுக்குகிறது, அது ஏறுகிறது, சறுக்குகிறது, ஒரு சின்ன நார்த் துண்டை அணைத்துக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு ஏறிவிடும், நார் அந்தக் கண்ணாடிப் பெட்டியில், எழும்பிப் போனால் இவை போய்விடும், அமுக்கிக்கொண்டிருந்தால் இது விழுந்து அந்தக் கொடுக்கிடம் போகும். என் பெருவிரலில் உணர்வே இல்லை. இது அவள் பார்க்க வேண்டியது. இரண்டு வருஷமாக உறிஞ்சி உறிஞ்சி ஊற்றியவள் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்த நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எந்த ஊர் நியாயம் இது.

மதினி, என்றேன். என் குரல் டைல்ஸில் மோதி எனக்கே திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, மதினி, ஒண்ணு சங்குக்குள்ள போயிட்டு, கல்லுல ஏறுது, என்றேன். தாழ்ப்பாள் அசையவில்லை. கட்டில் சத்தம் போடவில்லை. நான் சொல்வது பொய் என்று நினைக்கிறாளோ, என் மூக்கு நுனி அங்கிருந்தே தெரிகிறதோ. அமுக்கினேன், ஒரு கொப்புளம். கல்லில் அது பாதி உயரத்தில் ஒரு காலால் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேனை நாந்தான் எடுத்தேன் மதினி, கோயிலுக்கு. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன். அந்தத் தண்ணியத்தான் இதுல ஊத்தியிருக்கேன். ஏசுகதுன்னா வந்து நின்னு ஏசுங்க. கை ஓஞ்சுபோச்சு, வந்து இந்த உருண்டையக் கொஞ்சம் பிடிங்க."